வரி மிச்சம்னு நினைச்சு கணையத்தை டெஸ்ட் பண்ணாதீங்க

போன மார்ச் கடைசி வாரம், ராத்திரி 11 மணிக்கு என் தம்பி போன் பண்ணினான். "அண்ணா, 80டி-க்காக ஃபுல் பாடி செக்கப் எடுத்தேன். லைபேஸ் 74-ன்னு சிவப்பு எழுத்துல வந்திருக்கு. 60 வரைக்கும்தான் நார்மலாம். கணையம் போச்சா?" குரல் நடுங்குச்சு.

வயித்து வலி, வாந்தி எதுவுமே இல்ல. மறுநாள் டாக்டர் ஃபீஸ், திரும்ப ரத்த டெஸ்ட், அல்ட்ராசவுண்ட்னு 4,200 ரூபாய் போச்சு. எல்லாம் நார்மல். பேக்கேஜுக்குக் கொடுத்த 3,500 தனி.

சரி, வரி எவ்வளவு மிச்சம்? பூஜ்யம். அவன் புதிய வரி முறையில இருக்கான். அதுல 80டி கழிவே கிடையாது. பழைய முறையில செக்கப்புக்கு 5,000 வரை கழிக்கலாம், அதுவும் 25,000 வரம்புக்குள்ளதான். 20% ஸ்லாப்ல, செஸ் சேர்த்து, அந்த 3,500-க்கு மிச்சம் 728 ரூபாய். இதுக்கா ஒரு வாரத் தூக்கத்தைத் தொலைக்கணும்?

டாக்டர் அவனுக்குச் சொன்னதை நீங்களும் தெரிஞ்சுக்கணும். அமிலேஸ், லைபேஸ் ரெண்டும் கணையம் காயப்படும்போது ரத்தத்துல கசியுற நொதிகள். கடுமையான வலியோட, இயல்பு வரம்பைப் போல 3 மடங்குக்கு மேல ஏறினா பொதுவா திடீர் கணைய அழற்சின்னு எடுத்துக்கிறாங்க. லேசா ஏற வேற காரணங்களும் உண்டு. கணையம் எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு இந்த டெஸ்ட் சொல்லாது. குடோன்ல தண்ணி கசியுதான்னு பார்த்தா வியாபாரம் எப்படின்னு தெரியுமா? நாள்பட்ட அழற்சியில கணையம் நலிஞ்சுபோன பிறகும் இந்த அளவுகள் நார்மலாவே வரலாம்.

வேலைத் திறனைப் பார்க்கிறது மல எலாஸ்டேஸ் டெஸ்ட். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தா இயல்பு. 100-க்குக் கீழன்னா நொதி பற்றாக்குறைக்கு வலுவான அறிகுறி. மலம் தண்ணியா போனா அளவு பொய்யா குறையும். அதனால எண்ணெய் மிதக்குற மலம், காரணமில்லாம எடை குறையறது மாதிரி அறிகுறி இருந்தா, டாக்டர் சொல்லித்தான் இதை எடுக்கணும்.

என் கருத்து இதுதான். அறிகுறி இல்லாம, 80 டெஸ்ட் 90 டெஸ்ட்னு எண்ணிக்கை பார்த்து பேக்கேஜ் வாங்காதீங்க. சர்க்கரை, பி.பி., கொழுப்பு இதையெல்லாம் டாக்டர் சொல்ற இடைவெளியில பாருங்க. மிச்சப் பணத்தை எமர்ஜென்சி ஃபண்ட்ல போடுங்க. டெஸ்ட்டுக்காக மட்டும் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா, ஹெல்த் இன்ஷூரன்ஸ் பொதுவா பணம் தராது. அப்போ கைகொடுக்கிறது இந்த ஃபண்ட்தான்.

ஆனா ஒண்ணு. மேல்வயித்துல தாங்க முடியாத வலி வந்து முதுகு வரைக்கும் பரவுது, வாந்தியும் நிக்கலைன்னா, கணக்கே பார்க்காதீங்க. உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. நாம பணம் சேர்க்கிறதே அந்த மாதிரி ராத்திரிக்காகத்தான்.