தைரியம் சொல்லவேண்டாம், திகதியைச் சொல்லுங்கள்!

"அஞ்சாதே, பதறாதே, அமைதியாகப் படி!" உயர்தரப் பரீட்சை நெருங்குந்தோறும் நம் பிள்ளைகளுக்கு இந்த உபதேசம் தாராளமாக வழங்கப்படுகிறது. நல்ல உபதேசந்தான். ஆனால், நாம் ஒன்று கேட்கிறோம்: பிள்ளையின் உள்ளத்தில் பதற்றத்தை விதைப்பவர் யார்? பரீட்சை எந்த மாதத்தில் வரும், வந்தாலும் முடியுமா என்று அறியாத பிள்ளை அமைதியாகப் படிப்பது எங்ஙனம்?

கணக்கைப் பாருங்கள். 2019 வரை பல ஆண்டுகளாக இப்பரீட்சை ஆகஸ்டில் நடந்துவந்தது. கொள்ளைநோய் வந்தது, 2020 ஆம் ஆண்டுப் பரீட்சை ஒக்டோபருக்குப் போயிற்று. 2021க்குரியது 2022 பெப்ரவரியில் நடந்தது; 2022க்குரியது 2023 ஜனவரியில்; 2023க்குரியது 2024 ஜனவரியில். நோயும் நாட்டின் நெருக்கடியும் காரணம் என்றனர், பொறுத்தோம். அதன்பின் 2024இலும் 2025இலும் நவம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது எந்த நோய்?

கார்த்திகை மழை எத்தகையதென்று திருகோணமலையின் சிறு குழந்தையும் அறியும். மகாவலி கடலோடு கலப்பது நமது கொட்டியாரக் குடாவில். மலைநாட்டிலே பெய்த மழையும் மூதூரையும் வெருகலையும் தேடி வரும். கொழும்பில் அமர்ந்து நாட்காட்டி வகுத்தவர்கள் இதை அறியாரா? 2024 நவம்பர் 25இல் பரீட்சை தொடங்கிற்று; இரண்டே நாளில் வெள்ளம் அதை நிறுத்திற்று; டிசெம்பர் 4இல் மீண்டும் தொடங்கினர். பாடம் கற்றார்களா? இல்லை. 2025 நவம்பர் 10இல் அதே மழைக்காலத்தில் மீண்டும் மண்டபங்களைத் திறந்தனர். மாத இறுதியில் டித்வா புயல் வந்தது. எஞ்சிய வினாத்தாள்களுக்காகப் பிள்ளைகள் 2026 ஜனவரி வரை காத்திருந்தனர்!

"மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே, திருமலைப் பிள்ளைக்கு என்ன குறை?" என்பார் உளர். பெரும்பாலான துறைகளில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் வழங்கப்படுவதும், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் உண்டென்பதும், அவற்றுள் திருகோணமலையும் ஒன்றென்பதும் மெய்யே. ஆனால், அந்த ஒதுக்கீடு மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தையே நிரப்பும். துறைமுக நகரில் மின்விளக்கின் கீழ் மீட்டற்பாடம் செய்யும் பிள்ளைக்கும், வெருகலில் நனைந்த கொப்பிகளை உலர்த்தும் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. அந்த இசட் புள்ளியோ நான்கு தசமதானம் வரை கணிக்கப்படுகிறது. வெள்ளத்தில் உறக்கமிழந்த இரவுகளுக்கு எந்தத் தசமதானத்தில் ஈடு செய்வார்கள்?

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்வோம். அரசு தடுமாறுகிறதென்று நீங்களும் தடுமாறவேண்டாம். மூன்று பாடங்களையும் வாரங்களாகப் பகுத்துக்கொள்ளுங்கள். கடந்தகால வினாத்தாள்களைக் கடிகாரத்தை எதிரே வைத்து எழுதிப் பாருங்கள். பிழைத்த வினாவைத் திரும்பச் செய்யுங்கள். உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்காதீர்கள். உறங்காத மூளையில் படித்தது தங்காது. பெற்றோரே! ஒரு ரியூசன் போதாதென்று இன்னொன்றுக்கு அனுப்புமுன், தனியே இருந்து படிக்கப் பிள்ளைக்கு நேரம் எஞ்சுகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆயினும், திட்டமிடுவதற்கு ஒரு முடிவுநாள் வேண்டும். அந்த நாளைத் தருவது மாணவரின் கடமையன்று. கல்வி அமைச்சின் கடமை, பரீட்சைத் திணைக்களத்தின் கடமை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இனி ஒருபோதும் உயர்தரப் பரீட்சை வைக்கலாகாது. ஈராண்டுக் கல்வியைத் தொடங்கும் நாளிலேயே பரீட்சைத் திகதியை அறிவிக்கவேண்டும், அறிவித்ததை மாற்றலாகாது.

இது சலுகையன்று. சலுகை கேட்டு நாம் நிற்கவில்லை. வானிலை தெரிந்த எவரும் ஒப்பும் நியாயத்தைக் கேட்கிறோம். பிள்ளைகள் தம் பங்கைச் செய்வார்கள். ஆள்வோர் தம் பங்கைச் செய்யட்டும்!