கரியில் ஒரு பங்கு மண்ணுக்கு

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் ஊருக்கு வெளியே கரிமூட்டங்கள் புகைவது பழகிப்போன காட்சி. சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூடி, இரவும் பகலும் காவல் இருந்து எடுக்கிற கரி, லாரி ஏறி வெளியூர் போகிறது. அங்கே எரிந்து சாம்பலாகிறது. அதில் ஒரு பங்கு அதே மாவட்டங்களின் மானாவாரி நிலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கான ஏற்பாட்டை அரசே செய்ய வேண்டும்.

மண்ணில் இடுவதற்கான கரியை உயிர்க்கரி என்கிறார்கள். காற்றைக் கட்டுப்படுத்தி, 350 முதல் 700 டிகிரி வரையான வெப்பத்தில் கட்டையையோ தட்டையையோ கருக்கினால், எளிதில் மக்காத கரிமம் மிஞ்சுகிறது. மரத்தில் நீர் ஏறிய நுண்குழாய்கள் கரியில் துளைகளாகவே நிற்கின்றன. அவற்றில் ஈரம் தங்குகிறது, சத்து ஒட்டுகிறது, நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அமேசான் பகுதியின் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கரியும் கழிவும் சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண், சுற்றியுள்ள வெளிறிய மண்ணைவிட இன்றும் வளமாக இருக்கிறது. பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு, வெப்பமண்டல நிலங்களில் சராசரியாக 25 சதவீதம் விளைச்சல் கூடியதாகக் கண்டது. குளிர்நாடுகளில் அந்தப் பலன் இல்லை.

இந்த வேறுபாட்டை அதிகாரிகள் கவனமாகப் படிக்க வேண்டும். அமிலத்தன்மையும் சத்துக்குறைவும் உள்ள மண்ணில்தான் உயிர்க்கரி நன்றாக வேலை செய்கிறது. அதற்கே காரத்தன்மை உண்டு என்பதால் களர் நிலத்தில் அள்ளிக் கொட்டுவது கேடு. ஈரம் நிற்காத மணற்பாங்கான நிலத்துக்கு முதலிடம் கொடுக்கலாம். அங்கும் மண் பரிசோதனைக்குப் பிறகே இட வேண்டும். புதுக் கரியை அப்படியே போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும், பயிர் வெளுக்கும். தொழுவுரத்தோடு கலந்து சில வாரம் ஊறவைத்து இடுவதே முறை. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்காமல் மூட்டையை மட்டும் கொடுத்தால், ஒரே பருவத்தில் உழவர்கள் இதைக் கைவிட்டுவிடுவார்கள்.

விலைதான் பெரிய தடை. ஆய்வுகளில் எக்டேருக்கு 5 முதல் 10 டன் வரை இட்டுப் பார்க்கிறார்கள். மழையை நம்பி மிளகாயும் நெல்லும் போடுகிற சிறு விவசாயி, அடுப்புக்கரியின் சந்தை விலைக்கு அவ்வளவு வாங்க முடியுமா? முடியாது. அதனால்தான் அரசின் கை தேவைப்படுகிறது. சீமைக் கருவேலத்தை அகற்றும்படி உயர் நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையையும் தமிழக அரசு வெளியிட்டது. கண்மாய்களில் நிற்கும் மரங்களை ஏலம் விடும்போது, எடுக்கிற கரியில் ஒரு பகுதியை உள்ளூர் விவசாயிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்ப்பதில் என்ன சிரமம்? விலைபோகாத கரித்தூளிலிருந்தாவது தொடங்கலாமே. வரப்போரம் கொளுத்தி வீணாக்கும் பருத்தி மாரும் இருக்கிறது. அதைக் கருக்குவதற்கான எளிய இரும்பு டிரம் அடுப்பை ஹைதராபாதிலுள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் முன்பே வடிவமைத்துத் தந்திருக்கிறது.

கரிக்கு மதிப்புக் கூடினால் கருவேலத்தை வளர்க்கவே ஆசை வரும் என்ற அச்சம் நியாயமானது. எனவே தூரோடு பிடுங்கிய மரத்துக்கு மட்டுமே இத்திட்டத்தில் இடம் இருக்க வேண்டும். மூட்டத்தின் புகையைச் சுவாசித்தே வாழ்நாளைக் கழிக்கும் கூலிக் குடும்பங்களுக்குப் புகை குறைந்த உலைகளைத் தருவதும் இதன் பகுதியாக வேண்டும். மண்ணில் நிலைக்கிற ஒவ்வொரு டன் கரிமமும் ஏறக்குறைய 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அந்த வாயு காற்றில் சேராமல் தடுப்பதற்காக வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் பணம் இடைத்தரகரிடம் நிற்காமல் நிலத்துக்காரரிடம் வர வேண்டும்.

‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. அதில் உயிர்க்கரியையும் சேர்க்கட்டும். புரட்டாசியில் புழுதி விதைப்பு என்றால், ஆடியிலேயே கரி தொழுவுரக் குழிக்கு வந்தாக வேண்டும். வேளாண் துறை அந்தக் கணக்கில் இன்றே வேலையைத் தொடங்க வேண்டும்.