சோதனைக்கூடத்திலும் பீஸ்ரேட்டா?

விஞ்ஞானம் படித்தவர்கள் சமாசாரம். பஞ்சாலைத் தொழிலாளிக்கும் வயலில் குனிந்து நிற்பவனுக்கும் அதில் என்ன வேலை என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது, ஐயா! தீப்பெட்டி வாங்கினாலும் சட்டை வாங்கினாலும் நாம் வரி கொடுக்கிறோம். சர்க்கார் சோதனைக்கூடங்கள் அந்தப் பணத்தில் நடக்கின்றன. அங்கே வேலை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு.

"நானோ திரவம்" என்று ஒன்றைப் பற்றிப் பல வருஷங்களாகப் பிரமாதமாகப் பேசுகிறார்கள். விஷயம் இதுதான். லாரி எஞ்சின் சூடேறாமலிருக்க ரேடியேட்டரில் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய் வெளியே விடுகிறது. ஆனால் சூட்டைக் கடத்துவதில் தாமிரத்தின் பக்கத்தில் தண்ணீர் நிற்க முடியாது; தாமிரம் அதைவிட 600 மடங்குக்கு மேல் வல்லது. அப்படியானால் தாமிரத்தைப் பொடியாக்கித் திரவத்தில் கலந்தால் என்ன? பழைய பொடிகள் அடியில் தங்கின, குழாயை அரித்தன. 1995-ல் அமெரிக்க சர்க்காருக்குச் சொந்தமான ஆர்கான் தேசியச் சோதனைக்கூடத்தில் வேலை செய்த ஸ்டீபன் சோய் என்ற விஞ்ஞானி, கண்ணுக்கே தெரியாத பொடியைக் கலக்கலாம் என்றார். மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். அந்த அளவில் எண்ணக்கூடிய துகள்கள்! இதற்கு நானோ திரவம் என்று பெயரிட்டவரும் அவரே. நல்ல யோசனைதான், அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை.

2001-ல் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. எதிலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் நூற்றில் 0.3 பங்குதான் தாமிரத் துகள் கலந்தார்களாம்; வெப்பம் கடத்தும் திறன் 40 சதவிகிதம் கூடிவிட்டதாம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே மாக்ஸ்வெல் என்ற மேதை போட்டுவைத்த கணக்கின்படி, இந்த அளவு துகளுக்குச் சுமார் ஒரு சதவிகிதம்தான் கூடவேண்டும். ஒன்று எங்கே, நாற்பது எங்கே!

அவ்வளவுதான். நாடு நாடாக ஆராய்ச்சிக்காரர்கள் இதன் மேல் விழுந்தார்கள். கட்டுரைகள் குவிந்தன. ஒரு கூடம் ஏராளமாகக் கூடுகிறது என்றது. இன்னொன்று ஏதோ கொஞ்சம் என்றது. ஒரே சிட்டம் நூலை ஒரு மில் நாற்பதாம் நம்பர் என்றும் அடுத்த மில் அறுபதாம் நம்பர் என்றும் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் தராசைப் பார்ப்பீர்கள். இங்கேயோ தராசைப் பார்க்குமுன்பே அதிசயத்துக்கு விளக்கம் எழுதக் கிளம்பிவிட்டார்கள். சந்தேகம் கிளப்பிய சிலரும் இருந்தார்கள். அவர்கள் குரல் எடுபட நாளாயிற்று.

ஏன் இப்படி? விஞ்ஞானிகள் பொய்யர்களா? இல்லை. அவர்களையும் பீஸ்ரேட்டில் மாட்டிவைத்திருக்கிறார்கள்! எத்தனை கட்டுரை என்று எண்ணித்தான் வேலை, எண்ணித்தான் உயர்வு. நம் நாட்டிலே பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் ஆசிரியர்களுக்குக் கட்டுரைக்கு இத்தனை மார்க் என்று புள்ளிக் கணக்கே கொண்டுவந்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவு விட்டால் நாற்று எட்ட எட்டத்தான் விழும். நட்டவளைத் திட்டி என்ன பயன்? கூலி பேசிய முறையைக் கேளுங்கள். புது அதிசயம் கண்டவனுக்கு மார்க். அடுத்தவர் அளந்ததைத் திரும்ப அளந்து சரிபார்த்தவனுக்கு ஒன்றுமில்லை. பிறகு யார் சரிபார்ப்பான்?

கடைசியில் உண்மை எப்படி வெளிவந்தது தெரியுமா? போட்டியாலா? இல்லை, கூட்டு உழைப்பால்! உலகெங்குமிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்தாபனங்கள் ஒன்றுகூடின. நமது சென்னை ஐ.ஐ.டி.யும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அதில் உண்டு. எல்லோரும் ஒரே சரக்கை வாங்கி, அவரவர் கருவியில் அளந்து, எண்களை ஒரே மேஜையில் கொட்டினார்கள். 2009-ல் முடிவு வெளியாயிற்று. பெரும்பாலான எண்கள் சராசரிக்குப் பத்து சதவிகிதம் முன்பின்னாக வந்து நின்றன. அளந்த திரவங்களில் அதிசயம் ஏதுமில்லை. மாக்ஸ்வெல் கணக்கே பொருந்தியது. 2001-ன் தாமிரக் கலவையை அவர்கள் சோதிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் எட்டு வருஷ ஆரவாரத்தில் கிடைக்காத தெளிவு, சேர்ந்து அளந்ததில் கிடைத்தது. (துகள் கலந்தால் திரவம் கெட்டியாகிறது, தள்ளும் பம்புக்கு மின்சாரம் கூடுகிறது. லாபத்தை அது வேறு தின்றுவிடும்.)

"போட்டிதான் விஞ்ஞானத்தின் உயிர்" என்று பேசும் கனவான்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஆராய்ச்சி மாணவர்கள் நம் எதிரிகளல்ல. உதவித்தொகையை உயர்த்தக் கோரி 2019 ஜனவரியில் அவர்கள் டில்லியில் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகே 25,000 ரூபாய் 31,000 ஆயிற்று. போராடாமல் கிடைத்ததா அது?

இன்னொன்றும் கேட்கவேண்டும். எஞ்சினின் சூட்டுக்கு இத்தனை சோதனைக்கூடங்கள். தொழிலாளியின் சூட்டுக்கு? 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு, தொழிலாளருக்கு நியாயமான சௌகரியம் தரும் வெப்பநிலையே ஷெட்டில் இருக்கவேண்டும் என்றது. ரிங் பிரேம் ஓடும் ஷெட்டில் ஏப்ரல் மாதப் பிற்பகல் இரண்டு மணிக்கு என்ன சூடு, என்ன ஈரப்பதம்? அளக்கத் தெரிந்தவர்கள் சென்னையிலும் கல்பாக்கத்திலும் இருக்கிறார்கள், கருவியும் இருக்கிறது. பத்து மில்களில் ஒரே நாளில், ஒரே முறையில் அளந்து, எண்களைத் தொழிலாளர் முன் ஒட்டவேண்டும் என்று ஒவ்வொரு யூனியனும் தீர்மானம் போட்டு சர்க்காருக்கு அனுப்பட்டும். களத்து மேட்டுக்கும் அதே தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.