முன்கம்பியில் ஒரு பிள்ளை



மார்கழியில் ஒரு வாரம் ராஜபாளையத்தில் இருந்தேன். தங்கை மகளுக்கு இரண்டாவது பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீடு முடங்கியாறு சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையில், மாந்தோப்புக்குள் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு நூற்பாலையில் இரவு ஷிப்ட். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் விட ஆள் இல்லை. "மாமா, ஒரு வாரம் நீங்க கொண்டுபோய் விட்டிருங்களேன்" என்றாள் தங்கை மகள். தாழ்வாரத்தில் மாப்பிள்ளையின் பழைய சைக்கிள் நின்றது. முன்கம்பியில் சின்ன சீட்டு ஒன்று மாட்டியிருந்தது. சரி என்றேன்.

அங்கே குளிர் ஒரு தினுசு. பகலெல்லாம் வெயில் காயும். பொழுது சாய்ந்ததும் மேற்கு மலைச் சரிவு சீக்கிரம் ஆறிவிடும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீர் வழிவதுபோல் கீழே இறங்கி, அடிவாரத் தோப்புகளில் தேங்கி நிற்கும். பஸ் ஸ்டாண்டில் வெறும் சட்டையோடு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்; மூன்று மைல் மேற்கே தோப்புக்குள் பல் கிட்டும். மாமரங்கள் பூக்கத் தொடங்கியிருந்தன. பூங்கொத்தெல்லாம் பனி கோத்திருக்கும். கிளைக்கு அடியில் போனால் தலையில் சொட்டும்.

முதல் நாள் ஒரு தப்புச் செய்தேன். மண்பாதை முழுக்க ஏற்ற இறக்கம். மிதித்த மிதியில் கால் மைலுக்குள் எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. இதென்ன பெரிய குளிர் என்று நினைத்துக்கொண்டே போனேன். பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிடக் கையைப் பிடித்தேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. வழியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க பாடிட்டு வந்தீங்கல்ல தாத்தா" என்றாள்.

சைக்கிள் ஓட்டுகிறவருக்கு உடம்பு உழைக்கிறது, சூடாகிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அசையாமல் இருக்கிறது. எதிர்காற்று முழுவதையும் அதன் நெஞ்சுதான் வாங்குகிறது. நமக்கு வேர்க்க வேர்க்க அதற்குக் குளிரும். இவ்வளவு வயதாகி, இத்தனை பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்து ஓட்டிய பிறகு இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் தலைக்கு மங்கி குல்லா, கைக்கு அவளுடைய அப்பாவின் காலுறை. நம் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றை விரித்து ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக் கட்டினேன். பிரான்சு நாட்டின் பெரிய சைக்கிள் பந்தயத்தில் மலை உச்சிக்கு வந்த வீரர்கள், இறக்கத்தில் குளிரடிக்காமல் இருக்கச் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்ளும் வழக்கம் உண்டு. காகிதம் காற்றைத் தடுக்கும். அன்று பள்ளி வாசலில் தொட்டுப் பார்த்தேன், கை வெதுவெதுப்பாக இருந்தது.

வழியில் அவளுக்கு ஒரு வேலை உண்டு. "தாத்தா, மெதுவா" என்பாள். நான் பெடலை நிறுத்துவேன். பாதையோரத்தில் யானை லத்தி கிடக்கிறதா, தென்னங்கன்று எதுவும் பிடுங்கிப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் காடு இவர்கள் தோப்பு வேலிக்கு வெகு பக்கம். இரவில் யானை இறங்கும், பன்றி இறங்கும். ஆகவே அவள் அம்மா இருட்டோடு அனுப்ப மாட்டாள். நன்றாக வெளுத்த பிறகுதான் கிளம்புவோம். வியாழக்கிழமை காலடித் தடம் ஒன்று கிடந்தது. ஈர மண்ணில் முறம் அகலத்துக்குப் பதிந்து, அடியில் பனித்தண்ணீர் தேங்கியிருந்தது. சைக்கிளை நிறுத்தச் சொல்லி இறங்கி, தன் செருப்புக்காலை அதற்குள் வைத்துப் பார்த்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவேன்!

புதன்கிழமை மட்டும் எங்கேயும் நிற்க விடவில்லை. "இன்னைக்குப் பொங்கல் தாத்தா, சீக்கிரம்" என்றாள். அரசு தொடக்கப்பள்ளிகளில் இப்போது காலைச் சிற்றுண்டி போடுகிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், மறு ஆண்டே மாநிலம் முழுக்க வந்துவிட்டது. புதன்கிழமைக்குப் பொங்கலும் சாம்பாரும். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போடுவார்கள், அதனால் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். குளிரில் வந்த பிள்ளைகள் தட்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். சாப்பிடும் முன் கையைச் சூடேற்றிக்கொள்கிறார்கள். பள்ளியில் சோறு போட்டால் பிள்ளை வரும் என்று 1950களில் பிடிவாதமாக நின்ற காமராசர் இதே விருதுநகர் மண்ணில் பிறந்தவர். அந்தத் தட்டைப் பார்த்தபோது அவர் நினைவு வராமல் இருக்குமா?

நான் வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா கைத்தறிச் சங்கத்தில் கணக்கு எழுதினார். மார்கழி முழுக்க ஊர் விடிவதற்கு முன்பே எழுந்துவிடும். கோயில் ஒலிபெருக்கியில் நாளுக்கு ஒன்றாகத் திருப்பாவையின் முப்பது பாட்டும் வரும். பனிக்காலையில் தோழிகளை எழுப்பிக்கொண்டு போகிற பெண்ணைப் பாடியவள் எங்கள் ஊர்க்காரி என்ற பெருமை சின்ன வயதிலேயே ஏறியிருந்தது. அப்பா என்னை முன்கம்பியில் துண்டு மடித்துப் போட்டு உட்கார வைப்பார். ரத வீதியில் திரும்பும்போது பதினோரு நிலைக் கோபுரம் ஹேண்டில்பாருக்கு மேலே எழும்பி வரும். 192 அடி. மேல் நிலைகளில் வெயில் பட்டிருக்கும், கீழே தெருவில் இன்னும் பனி. பால்கோவாக் கடைகளில் விறகு அடுப்புப் புகையும் சுண்டுகிற பால் வாசனையும் கலந்து வரும். கேள்வி கேட்டுக்கொண்டே போவேன். தேர் ராத்திரி எங்கே தூங்கும்? பால் ஏன் சிவக்குது? அப்பா வீட்டில் அதிகம் பேசாதவர். சைக்கிளில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். என் உச்சந்தலைக்கு மேலே அவர் மோவாய் இருக்கும், குரல் அங்கிருந்து நேராக உள்ளே இறங்கும்.

தம்பி பிறந்து முன்கம்பி அவனுக்குப் போனதும் நான் கேரியருக்கு மாறினேன். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் இடது கால் பின் சக்கரத்துக்குள் போய்விட்டது. கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் நடுவே குதிகால் சிக்கித் தோல் உரிந்தது. ஒன்றரை மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது. அப்பா மறுநாளே சைக்கிள் கடையில் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வலை அடித்து, கால் வைக்கக் கட்டையும் போட்டார். அன்றிலிருந்து அவர் ஓட்டும்போது அடிக்கொரு தரம், "கால் அகலமா இருக்கா?" என்று கேட்பார். கடைசி வரை கேட்டார். நான் கல்லூரி போன பிறகும் பின்னால் உட்கார்ந்தால் கேட்பார்.

அந்த முன்கம்பியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அதைப் போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு நுணுக்கமான செய்தியைக் குறித்திருக்கிறார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு; ஆண்கள் சைக்கிளே மிஞ்சியது. சில பெண்கள் அதையே விரும்பினார்களாம். அதில்தானே குறுக்குக் கம்பி இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம்! இயக்கத்தைப் பற்றிப் பேசியவர்கள் விடுதலை என்றும் தன்னம்பிக்கை என்றும் சொன்னார்கள், அதுவும் உண்மை. ஆனால் ஒரு தாய் சைக்கிளைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்பது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்றைக்கு வேன் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. தூரம் என்றால் வேறு வழியில்லை, யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மைலுக்குள் பள்ளிக்கூடம் இருந்து, வீட்டில் சைக்கிளும் இருந்தும், ரோட்டுக்குப் பயந்து வேனில் ஏற்றிவிடுகிற பெற்றோர் எத்தனை பேர்! அந்தப் பயம் நியாயமானது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே நெடுஞ்சாலையில் காலை எட்டு மணிக்கு லாரியும் பஸ்ஸும் போகிற வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். இன்று சைக்கிள் நாடு என்று நாம் வியக்கும் நெதர்லாந்திலும் 1971ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் மாண்டார்கள். மறு ஆண்டு, "குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்று பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் பெருகின. நம் ஊரில் பள்ளி வாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை, சாலையோரம் ஒரு சைக்கிள் அகலத்துக்கு இடம் — இவ்வளவைக் கேட்கக் கிராமசபை போதும். ஜனவரி 26 அன்று கூடும் கிராமசபையில் உங்கள் ஊர்ப் பள்ளிக்காக இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

லாரி, பஸ் ஓட்டும் அன்பர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் உண்டு. பனிக்காலையில் முன்கம்பியில் குல்லா ஒன்று தெரிந்தால் ஆரன் அடிக்காமல், ஒரு கை தூரம் விலகிப் போங்கள். ஆரன் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டால் ஹேண்டில்பாரும் சேர்ந்து ஆடும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் சைக்கிள் கடைக்குப் போய், பின் சக்கரத்துக்கு வலையும் கால் வைக்கக் கட்டையும் போட்டுவிடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கிளம்பும்போது நெஞ்சுக்கு ஒரு தாள், காதுக்கு ஒரு துணி. பாதி வழியில் ஒரு தரம் பிள்ளையின் கையைத் தொட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்