பல் பிடுங்கிய வாய்க்கு எந்த ரொட்டி?

மேடானிலிருந்து எங்கள் அத்தை கிள்ளானுக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு சின்னப் பெட்டி. வாயில் ஆடிக்கொண்டிருந்த மூன்று கடைவாய்ப் பற்கள். "மூணையும் புடுங்கிட்டு அஞ்சாம் நாளு திரும்பிடணும் ஆயி. பேத்தி கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு" என்றார்கள்.

மேடானில் நமக்கு ஏது அத்தை என்று சிலர் கேட்கலாம். என் தாத்தா இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அவருடைய பங்காளி ஒருவரின் குடும்பம் அதற்கும் முன்பே சுமத்திராவுக்குப் போய்விட்டது. டெலிப் பகுதியின் புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்களைக் கூட்டிப் போனார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் போனவர்கள். அங்குள்ள ஸ்ரீ மாரியம்மன் கோவில் 1884இல் எழுந்தது என்றால் எவ்வளவு பழைய குடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கோலாலம்பூர் வந்துவிடலாம். வைத்தியத்துக்கென்று மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டவரில் இந்தோனேசியர்களே அதிகம். அத்தையும் அப்படித்தான் வந்தார்கள்.

கிளினிக்கில் வேலை சுத்தமாக நடந்தது. ஊசி போட்டார்கள், கன்னம் மரத்தது, பற்கள் வெளியே வந்தன. துணியை அரை மணி நேரத்துக்கு மேல் அழுத்திக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்லி, மிசி ஒரு தாளையும் என் கையில் கொடுத்தார். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. நான் அதை நாலாக மடித்துப் பர்சில் வைத்தேன். வைத்ததோடு சரி.

மறுநாள் அத்தைக்கு வலி அவ்வளவாக இல்லை. "பிரிக்பீல்ட்ஸ் போய் ஒரு சேலை பாத்துட்டு வருவமா?" என்றார்கள். கிள்ளானிலேயே ஜாலான் தெங்கு கிளானா முழுக்கச் சேலைக் கடைகள்தாம். ஆனாலும் கல்யாணச் சேலை என்றால் இரண்டு ஊர்க் கடைகளையாவது பார்த்தால்தானே நமக்குத் திருப்தி. கொமுட்டர் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, ஜாலான் துன் சம்பந்தனுக்கு நடந்தோம். வெயில் கொளுத்தியது. சேலை எடுத்து முடிப்பதற்குள் அத்தை களைத்துவிட்டார்கள். காலையிலிருந்து கஞ்சி மட்டும்தான். நான் அவசரத்தில் ஒரு கடையில் பன் வாங்கினேன். விரலால் அழுத்திப் பார்த்தேன், பஞ்சு போல் இருந்தது. மேலே எள் தூவியிருந்தது. பக்கத்தில் தேத்தண்ணி ஆறவைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரச் சொன்னேன், உறிஞ்சு குழலோடு. அத்தை நடைபாதைத் திண்டில் உட்கார்ந்து ஆசையாய்ச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் இரவு அவர்களுக்குத் தூக்கமில்லை. காது வரைக்கும் குடைச்சல். "புடுங்கின அன்னைக்குக்கூட இப்படி வலிக்கலையே" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததும் கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் பார்த்தார். ஒரு குழியில் எலும்பு வெளியே தெரிந்தது, இன்னொன்றின் ஓரத்தில் எள் இருந்தது. "உறிஞ்சு குழலில் ஏதாவது குடித்தீர்களா?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. நான் தரையைப் பார்த்தேன்.

பல் இருந்த குழியில் இரத்தம் வந்து நின்று, கட்டியாகி, குழியை மூடிக்கொள்கிறது. அதுதான் புண்ணுக்குக் கூரை. அந்தக் கூரைக்கு அடியில்தான் புதுச் சதை வளர வேண்டும். குழலால் உறிஞ்சும்போது வாய்க்குள் ஓர் இழுப்பு உண்டாகிறது. அது இரத்தக் கட்டியைப் பெயர்த்துவிடலாம். வேகமாகத் துப்புவதும் வாயைப் பலமாகக் கொப்பளிப்பதும் இதே வேலையைச் செய்யும். சிகரெட்டோ இரண்டு வழியிலும் கெடுதல், இழுப்பும் உண்டு, புகையும் உண்டு. கட்டி போய்விட்டால் எலும்பும் நரம்பும் திறந்து கிடக்கும். இதை டிரை சாக்கெட் என்கிறார்கள், குழி காய்ந்து போவது. பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித்தான் இந்த வலி தலைகாட்டும். முதலிரண்டு நாள் நன்றாக இருந்தோமே என்று நாம் ஏமாறுவது அதனால்தான்.

டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தார். அத்தை மூக்கை உறிஞ்சி, "கிராம்பு வாசமால்ல அடிக்குது!" என்றார்கள். சரிதான். தோட்டத்தில் பல்வலி என்றால் பஞ்சில் நனைத்து வைத்தார்களே கிராம்புத் தைலம், அதிலுள்ள யூஜினால் என்ற பொருள்தான் அந்த மருந்திலும் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் புண்ணுக்குள் தைலம் ஊற்றிவிடாதீர்கள். சுத்தத் தைலம் சதையைச் சுட்டுவிடும்.

இதற்குப் பிறகுதான் நான் ரொட்டிக் கடைக்குள் கண்ணைத் திறந்துகொண்டு போனேன். நாம் "மெதுவாக இருக்கிறதா" என்று விரலால் அழுத்திப் பார்க்கிறோம். புண்ணுக்கு அந்தக் கேள்வி போதாது. உதிருமா, ஒட்டுமா, உள்ளே பொடிப் பொருள் ஏதும் உண்டா என்றுதான் கேட்க வேண்டும். என் எள்ளுப் பன் முதல் சோதனையில் தேறியது, மூன்றாவதில் தோற்றது.

முதல் நாள் ரொட்டி வகையே வேண்டாம். மரத்துப்போன வாய் தெளிய இரண்டு மணி முதல் நான்கு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் மென்றால் கன்னத்தையும் நாக்கையும் கடித்துக்கொள்வோம், கடித்தது தெரியவும் தெரியாது. தெளிந்த பிறகு ஆறின பால், கஸ்டர்ட், சீனர் கடையில் விற்கும் தவ்பூஃபா, எல்லாம் கரண்டியால். ஆசைக்கு ஒரு முட்டை டார்ட் வாங்கினால் நடுவிலுள்ள கஸ்டர்டை மட்டும் வழித்துக் கொடுங்கள். ஓடு அடுக்கடுக்காக உதிரும். அது பிள்ளைகளுக்கு.

இரண்டாம் நாளிலிருந்து வெள்ளை ரொட்டி கொடுக்கலாமே என்று தோன்றும். வாங்கலாம், ஆனால் உலர்ந்தபடி கொடுக்கக்கூடாது. மெல்ல மெல்ல அது மாவாகிப் பிசின் போல ஈறில் அப்பிக்கொள்ளும். விரலால் தோண்டத் தோன்றும், தோண்டினால் வந்தது வினை. ஓரத்தை வெட்டிவிட்டு, வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்துக் கரண்டியால் ஊட்டுங்கள். (வெட்டிய ஓரத்தை எறிந்தால் என் மாமியார் கோபித்துக்கொள்வார்கள். காயவைத்துத் தூளாக்கினால் கட்லெட்டுக்கு ஆகும்.)

நேற்றைய ரொட்டி இன்று வறண்டுவிட்டதே என்று குளிர்பெட்டியில் வைப்பவர்கள் நம்மில் அதிகம். நானும் வைத்திருக்கிறேன். ரொட்டி கெட்டியாவது தண்ணீர் காய்ந்துபோவதால் மட்டும் அல்ல. வெந்த மாவுச்சத்து ஆற ஆற மறுபடி இறுகிப் படிகம் போல் ஆகிறது. குளிர்பெட்டியின் குளிரில்தான் அந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கும். பூஞ்சணம் பிடிக்காது, ஆனால் ரொட்டி மரக்கட்டையாகும். மறுபடி ஆவி காட்டினால் இறுக்கம் தளர்ந்து மெதுவாகிவிடும். கோப்பிக் கடைகளில் ஆவியில் வைத்து எடுத்த ரொட்டிக்குக் காயா தடவித் தருகிறார்களே, அதன் இரகசியம் இதுதான். வீட்டில் இட்லிச் சட்டி போதும். ஒரு துணி விரித்து, இரண்டே நிமிடம். எடுத்து ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும், சூடாக அல்ல.

கேக் வகையில் எனக்குப் பிடித்துப்போனது பண்டான் ஷிஃபோன் கேக். பட்டர் கேக்கை விட இது ஏன் மெது என்று விசாரித்தேன். பட்டர் ஆறினால் உறைந்து இறுகும், எண்ணெய் உறையாது. ஷிஃபோனில் எண்ணெய்தான் சேர்க்கிறார்கள், முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துக் கலக்கிறார்கள். 1927இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஹாரி பேக்கர் என்பவர் கண்டுபிடித்த பக்குவம் இது. அவர் காப்புறுதி விற்பனை செய்தவர், பெயரில் மட்டும்தான் பேக்கர்! இருபது வருடம் பக்குவத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, பிறகுதான் ஒரு பெரிய மாவு நிறுவனத்துக்கு விற்றார். நம் பக்கத்தில் பண்டான் இலைச் சாறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து அதற்குப் பச்சை நிறமும் வாசமும் வந்துவிட்டன. ஈரப்பதமாக இருப்பதால் பொடியாகச் சிதறாது. நாக்கால் அண்ணத்தில் அழுத்தினாலே கரையும். பல் வேலைக்கு அவசியமே இல்லை.

ஆவியில் வெந்த பாவும் நல்லது. தோலை உரித்துவிடுங்கள், நறுக்கி உள்ளே ஆறவிடுங்கள். வெளியே ஆறியிருந்தாலும் உள்ளிருக்கும் பூரணம் கொதிக்கும். கச்சாங் வைத்த பாவை ஒதுக்குங்கள். தேங்காய்ப் பூ வைத்த பன், உலர்ந்த திராட்சைப் பன், தானியம் ஒட்டிய ரொட்டி, கறிபாப், கிரீம் கிராக்கர் எதுவும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். ஆங்கு குவே, டோடோல் போன்றவை பார்க்க மெதுதான், ஆனால் ஒட்டும். பல்லுக்குத் தற்காலிகமாக அடைத்துவிட்டு வந்தவர்களுக்கு அடைப்பையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பாவுலு மேலே மொறுமொறுப்பு, பாலில் முழுகவைத்தால் பரவாயில்லை.

எதைச் சாப்பிட்டாலும், ஒரு நாள் கழிந்த பிறகு, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிளாஸில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு வாயில் வைத்து, தலையை இப்படி அப்படிச் சாய்த்து, தானாக வழியவிடுங்கள். அந்த முதல் 24 மணி நேரத்துக்குள் உப்புத் தண்ணீரும் கூடாது.

அத்தைக்கு இனிப்பு நீர் உண்டு. இந்நாட்டில் 2023ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. ஆகவே இது பல வீடுகளின் கதை. மெதுவான ரொட்டி வகை எல்லாமே விரைவில் சீனியாக மாறுபவை, அதோடு காயாவும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. சீனி ஏறினால் புண் ஆற நாளாகும். அதற்காகச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் போடுவது இன்னும் ஆபத்து, சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். நான் ஒரு துண்டு கேக்குக்கு ஒரு வெந்த முட்டை என்று கணக்கு வைத்தேன். முட்டையை மசித்து, பாலில் குழைத்து, முதலில் அது, பிறகு கேக். மீன் குழம்பிலிருந்து முள்ளில்லாத சதை, உறைப்பைக் கழுவி. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பல் பிடுங்குவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

நாலாம் நாள் மருந்து வைத்து வலி அடங்கியதும் அத்தை மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "ஆயி, ஒரு வெத்தலை மட்டும்..." என்றார்கள். நான் கொடுக்கவில்லை. பாக்குத் தூளும் சுண்ணாம்பும் திறந்த புண்ணில் விழலாமா? அத்தோடு போகவில்லை என் மனம். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் முடிவு சொல்லிவிட்டது, புகையிலை சேர்க்காத பாக்கும்கூட. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடையே கூடுதலாக இருப்பதற்கு இந்த வெற்றிலைப் பழக்கத்தைத்தான் டாக்டர்கள் காட்டுகிறார்கள். ஆகவே மறுபடி கிளினிக்குப் போனபோது அத்தையின் கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டச் சொன்னார். பல் பிடுங்கிய குழியே ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். அரசாங்கப் பல் கிளினிக்குகளில் குடிமக்களுக்குக் கட்டணம் சொற்பம். தோட்டத்தில் இருந்தாலும் பட்டணத்துக்கு மாறிவிட்டாலும் வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்களை அழைத்துப் போங்கள்.

இனி, நாடு விட்டு நாடு வந்து பல் பார்க்கிற உறவுகளுக்கு. திரும்பும் டிக்கெட்டை நெருக்கி எடுக்காதீர்கள். பிடுங்கிய மறுநாளே விமானத்தில் ஏறி, மூன்றாம் நாள் ஊரில் வலி வந்தால் யாரிடம் போய் நிற்பது? ஒரு வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படத்தின் நகலையும், என்ன செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல் கட்டுவதென்றால் இன்னும் பொறுமை வேண்டும். பிடுங்கிய பிறகு எலும்பும் ஈறும் சில மாதம் சுருங்கிக்கொண்டே இருக்கும், உடனே கட்டினால் பிறகு தளர்ந்துவிடும். எலும்பில் திருகி வைக்கும் பல்லுக்கு, திருகு எலும்போடு பிடிக்கவே பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம். ஒரே பயணத்தில் எல்லாம் முடியும் என்று யார் சொன்னாலும் இரண்டாவது முறை யோசியுங்கள்.

அத்தை ஐந்தாம் நாள் போகவில்லை, எட்டாம் நாள்தான் போனார்கள். டிக்கெட்டை மாற்றிய பணம் என் பர்சிலிருந்து போனது, அந்த மடித்த தாள் இருந்த அதே பர்சு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேடான் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணம் முடிந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். முறுக்குத் தட்டு வந்ததாம், பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா பக்கம் தள்ளிவிட்டார்களாம். பல் கட்ட மூன்று மாதம் கழித்து வருகிறார்கள். "அந்தப் பச்சை கேக்கை முன்னாடியே வாங்கி வச்சிரு ஆயி, தேத்தண்ணிய மட்டும் கோப்பையில குடு" என்று உத்தரவு வந்திருக்கிறது.