மலையேறும் பழைய வண்டியும் பின்புற ஷாக் அப்சார்பரும்



சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் சரக்கு எடுத்து ஏற்காடு மலைக்குக் கொண்டு செல்லும் மளிகை வியாபாரிகள் பலர் இன்றும் பழைய வண்டிகளையே நம்பியிருக்கிறார்கள். அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலும், மாருதி ஆம்னி உற்பத்தி 2019-ஆம் ஆண்டிலும் நின்றுவிட்டன. ஆனாலும் பின்னால் தாராளமான இடம், எந்தப் பட்டறையிலும் வேலை பார்க்கும் வசதி ஆகியவற்றால் அவை இன்னும் நமக்கு உழைக்கின்றன. பழைய வண்டியைப் பராமரித்து ஓட்டுவது சிக்கனம். அதை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் அதில் தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு மலையேறுவது எந்தக் கணக்கிலும் சிக்கனம் ஆகாது.

ஷாக் அப்சார்பர்தான் சுமையைத் தாங்குகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சுமையைத் தாங்குவது பட்டை. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் பட்டை மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை ஓரிரு அசைவில் அடக்குவதே ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கியடித்துச் செல்வதால்தான் ஆட்டத்தின் வேகம் அடங்குகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் குழாய்தான்.

சமவெளியில் இதை வெறும் குலுக்கல் என்று பொறுத்துக்கொள்ளலாம். ஏற்காடு சாலை அப்படிப்பட்டதல்ல. சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குள் சுமார் 4,000 அடி உயரம் ஏறுகிறோம். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. ஷாக் வேலை செய்யாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பின்பகுதி அலைபாயும்.

இறங்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். "சரக்கை இறக்கிவிட்டோம், இனிக் கவலையில்லை" என்று நினைப்பது தவறு. இறக்கத்தில் பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்னே சாயும். காலியான பின்பகுதி லேசாகும். ஷாக் இல்லாத பின்சக்கரம் அப்போது துள்ளும். துள்ளுகிற டயர் தரையைப் பிடிக்காது. தரையைப் பிடிக்காத டயருக்கு பிரேக் இருந்தும் பயனில்லை. மழையும் பனிமூட்டமும் சேர்ந்த நாளில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வண்டியில் நாம் மட்டும் இல்லை. கடைப் பையனும் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்காக ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம் கூடுதல் பட்டை போடுவது. பின்பக்கம் அமுங்குகிறது என்றால் இன்னொரு பட்டை செருகிவிடுகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும்; மேலும் இரண்டு மூட்டை ஏற்றத் தைரியமும் வரும். ஆனால் விறைத்துப்போன பட்டை, காலி வண்டியில் சக்கரத்தை முன்னைவிட அதிகமாகத் துள்ள வைக்கும். நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

சுமைக் கணக்கையும் பார்ப்போம். தலைக்கு 65 கிலோ என்றால் ஐந்து பேர் எடை 325 கிலோ. இரண்டு சர்க்கரை மூட்டை 100 கிலோ, 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கு 100 கிலோ, 15 கிலோ எண்ணெய் டின் பத்து 150 கிலோ. இதுவே 350 கிலோ. ஓட்டுபவரையும் உடன் வருபவரையும் சேர்த்தால் 480 கிலோ. ஐந்து பேர் பரவலாக உட்காரும் காரில் இந்த எடையின் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் இறங்குகிறது. எந்த ஷாக் தாங்கும்?

சோதித்துப் பார்ப்பது எளிது. வண்டியின் பின்மூலையை அழுத்தி விடுங்கள். மேலே வந்து அடங்கிவிட்டால் நல்லது; மீண்டும் மீண்டும் ஆடினால் ஷாக் போய்விட்டது. குழாயின் மேல் எண்ணெய் வடிந்திருக்கிறதா, பின்டயர் அங்கங்கே குழி விழுந்ததுபோல் தேய்ந்திருக்கிறதா, பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' என்று புஷ் சத்தம் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வளைவில் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். ரப்பர் புஷ்களையும் புதிதாகப் போடுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். ஸ்டாண்டு வைப்பது கட்டாயம். புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை இழுத்து அமுக்கிய பிறகே மாட்டச் சொல்லுங்கள். வண்டி சக்கரத்தில் நின்ற பிறகு நட்டைக் கடைசியாக முறுக்கினால் புஷ் சீக்கிரம் கிழியாது. ஆம்னி போன்ற பட்டை வண்டியில் இது அரை நாள் வேலைதான்.

செலவைச் சொல்லித் தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்னி போன்ற வண்டிக்கு இரண்டு ஷாக்கின் விலை, அவை கெட்டதால் பாழாகும் இரண்டு டயரின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. விற்கப்போகும் வண்டிக்கு எதற்குச் செலவு என்பார்கள். விற்கும் நாள்வரை அதில் ஏறுவது யார்? பழைய ஷாக்கிற்குப் பெயின்ட் அடித்துப் புதிது என்று விற்பவர்களிடமும் ஏமாறக்கூடாது. கலப்படச் சரக்கைக் கடைக்குள் விடாத நாம், போலி உதிரிபாகத்தை வண்டியில் மாட்டலாமா? தயாரிப்பாளரின் பெட்டியுடன், பில் போட்டு வாங்குங்கள்.

மொத்த வியாபாரிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. விலை சாதகமாக இருக்கிறது, இன்னும் நான்கு மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மலைக்காரரை வற்புறுத்துவது வியாபாரம் ஆகாது. மீதியை அடுத்த நடைக்கு, அதே விலைக்கு, எடுத்து வைத்துக் கொடுப்போம். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சரக்கு வண்டி பிடித்தால் வாடகையும் பகிர்ந்துபோகும். கோடை விழாவுக்கு முன் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, மலைக்குச் செல்லும் உறுப்பினர் வண்டிகளைச் சோதிக்க நல்ல மெக்கானிக் ஒருவரைச் சங்கமே ஏற்பாடு செய்யலாம்.

லாபம் குறைந்தால் அடுத்த மாதம் பிடிக்கலாம். முதலுக்கே மோசம் வந்தால் எந்த மாதத்தில் பிடிப்பது? ஆகவே வரும் வாரமே உங்கள் வண்டியின் பின்மூலையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.