டேப் காத்திருக்காது

கோயில் கொடையிலும் கிறிஸ்துமஸ் மேடையிலும் கீபோர்டு வாசித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாடுகிறவர் தடம் மாறினால் வாசிக்கிறவன்தான் ஓடிப் பிடிக்க வேண்டும். சரணத்தில் இரண்டு வரியை விழுங்கிவிட்டு அவர் பல்லவிக்குத் தாவுவார். அடுத்த கணம் வாத்தியமும் அங்கே நிற்க வேண்டும். சுருதி அரைக்கட்டை ஏறினால் விரலும் ஏற வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கிற ஊருக்கு ஒன்றும் தெரியாது. கைதட்டு பாடினவருக்கு, வேர்வை நமக்கு. ஆரல்வாய்மொழியில் கூடுதலாக ஒரு தொல்லை: காற்று சீசனில் கொடை வந்தால் மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் கணவாய்க் காற்றுதான் முதல் குரல் பாடும்.

இப்படிப் பலரைக் கரையேற்றிய ஆள் என்பதால் அண்ணன் மகன் போன வாரம் போன் செய்தான். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை. டிசம்பர் கடைசியில் அங்கே ‘போனென்காய்’ என்று ஆண்டு முடிவு விருந்து நடக்கும். சாப்பாடு முடிந்ததும் கரோக்கே.

“சித்தப்பா, ஜப்பான்காரங்க பாட்டு ஒண்ணு பாடணும். எல்லாரும் கைதட்டணும். எது பாட?”

“ஜப்பான் பாஷை ஒனக்கு எவ்வளவுலே தெரியும்?”

“காலை வணக்கம், நன்றி, மன்னிச்சுக்கோங்க. அவ்வளவுதான்.”

“போதும் மக்கா. மேனேஜர்கிட்ட வேலை பாக்க அது போதும்னா, பாடவும் போதும்.”

அவனுக்கு நான் முதலில் சொன்னது பாட்டின் பெயர் இல்லை, ஒரு கதை. கரோக்கே உருவானதே ஒரு கம்பெனி உல்லாசப் பயணத்தை ஒட்டித்தான். கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்தவர் தைசுகே இனோவே. தாளம் நிற்காத ஒரு கம்பெனி முதலாளிக்கு இவர் வாசித்தால்தான் பாட வரும். ஊழியர்களோடு வெளியூர் போகும்போது கூட வரச்சொன்னார் முதலாளி. இனோவேயால் போக முடியவில்லை. அந்த ஆளின் தாளப் பிசகுக்குத் தக்கபடி வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்துவிட்டார். அதிலிருந்துதான் 1971இல் காசு போட்டால் ஓடுகிற அவருடைய பெட்டி வந்தது. முதலில் செய்தது 11 பெட்டிகள். காப்புரிமை வாங்கவில்லை, வாங்கியிருந்தால் இன்று எங்கேயோ இருந்திருப்பார். டோக்கியோவில் ஷிகெயிச்சி நெகிஷி 1967லேயே இப்படி ஒரு பெட்டி செய்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இனோவேக்குத்தான் 2004இல் ‘இக் நோபல்’ என்கிற கேலிப் பரிசு, அதுவும் சமாதானத்துக்காக, கிடைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதுவழி கண்டாராம். கேலிதான், ஆனால் பொய்யில்லை.

இந்தக் கதையை என்னைப்போல வாசிக்கிறவன் கேட்டால் ஒரு இடம் உறுத்தும். அந்த முதல் டேப் ஒருவருடைய பிசகுக்காகவே பதிந்தது. இன்று ஆபீஸ் ஹாலில் ஓடப்போகிற டேப் யாருக்காகவும் பதிந்ததில்லை. நீ திணறினால் அது காத்திருக்காது, நீ தாவினால் கூட வராது. வாத்தியக்காரன் எழுந்துபோன அந்த நாற்காலியில் கூட்டத்தை உட்காரவைக்க வேண்டும். அதனால் உனக்கு நன்றாக வருகிற பாட்டைத் தேடாதே, நீ விட்ட இடத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிற பாட்டைத் தேடு என்றேன். அவனுக்கு இது புதிதில்லை. டிசம்பரில் தெருத்தெருவாகக் கேரல் ரவுண்டு போய் வளர்ந்த பையன். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து சேர்ந்து பாடாவிட்டால் அந்த வீட்டில் கேக்கும் குறைவாகத்தான் கிடைக்கும்.

அப்படிப் பார்த்தால் முதலில் நிற்பது கியூ சகமோட்டோ 1961இல் பாடிய ‘உயே ஓ முய்தே அருகோ’. அமெரிக்காவில் ‘சுகியாகி’ என்று ஒரு மாட்டிறைச்சிக் குழம்பின் பெயரைச் சூட்டி விற்றார்கள். பாட்டுக்கும் குழம்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1963 ஜூனில் மூன்று வாரம் அங்கே பில்போர்டு பட்டியலில் முதலிடம். ஜப்பான் மொழியில் வேறெந்தப் பாட்டும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. எழுதிய ரொகுசுகே எய், அமெரிக்காவோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிரான போராட்டம் தோற்ற சோகத்தில் எழுதினார் என்பார்கள். சோகம் சொல்லில் இருக்கிறது; மெட்டோ கைவீசி நடக்கிறது. எனக்கு இதில் பிடித்தது நடுவில் வருகிற விசில். வரி மறந்தவன் அந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஹாலில் பாதிப்பேர் தாமாகவே விசிலடிப்பார்கள்.

வயதான அதிகாரிகள் நிறைய இருந்தால் மசாவோ செனின் ‘கிதகுனி நோ ஹரு’. 1977இல் வந்தது, பிறகு சீனம், தாய் என்று ஆசியா முழுக்கப் பரவியது. வடக்கே சொந்த ஊரில் வசந்தம் வந்திருக்கும், நகரத்தில் வேலை பார்க்கிற மகனுக்கு அம்மா ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். ஒரகடத்து ரூமுக்கு நேந்திரங்காய் சிப்சும் முந்திரிக்கொத்தும் பஸ்ஸில் வந்திறங்குகிறவனுக்கு இதற்கு உரை தேவையில்லை. குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு இங்கே வந்து தனியாக இருக்கிற ஜப்பான் அதிகாரிக்கும் தேவையில்லை.

ஸ்மாப் குழுவின் ‘செகாய் நி ஹிதொட்சு தகே நோ ஹனா’ 2003இல் தனித்தட்டாக வந்து முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. பூக்கடை முன்னால் நிற்கிற பூக்கள் ஒன்றோடொன்று போட்டி போடுவதில்லை, மனிதனுக்கு மட்டும் ஏன் இந்த முதலிட ஆசை என்று போகும். தோவாளைச் சந்தையில் விடியுமுன்னே மல்லிக்கும் பிச்சிக்கும் ஏலம் கூவுவதைப் பார்த்த என்னால் இதைச் சிரிக்காமல் கேட்க முடியவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலேயே பாடிப் பழகின பாட்டு அவர்களுக்கு. இரண்டாம் வரியிலேயே ஹால் சேர்ந்துவிடும்.

கென்ஷி யொனெசுவின் ‘லெமன்’ வேண்டவே வேண்டாம் என்றேன். 2018இல் வந்து கரோக்கே பட்டியல்களை ஆண்ட பாட்டுதான். ஆனால் அது இறந்தவரை நினைத்து உருகுகிற பாட்டு. பிரியாணிக்குப் பிறகு ஒப்பாரி எதற்கு? ஹிபாரி மிசோராவின் 1989ஆம் ஆண்டுப் பாட்டான ‘கவா நோ நகரே நோ யோ நி’யையும் தொடாதே. மூத்தவர் யாராவது அதைத் தன் பாட்டாக வைத்திருப்பார். ஒருவருடைய ஆஸ்தானப் பாட்டை இன்னொருவர் முந்திப் பாடினால் நம் கொடை மேடையிலேயே முகம் சுருங்கும். மேனேஜர் என்றால் கேட்க வேண்டாம்.

உச்சரிப்புக்கு அவன் பயந்தான். வேண்டியதில்லை. அவர்களுக்கு ஐந்து உயிர். அ, இ, உ, எ, ஒ, அத்தனையும் நம் வாயில் இருக்கிறது. சொற்களும் பெரும்பாலும் உயிரில்தான் முடியும். வரிகளைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒரே கவனம், ‘அருகோ’ என்று எழுதினால் நம் நாக்கு ‘க’வை மென்மையாக்கிவிடும். வல்லினமாக ஒலிக்க வேண்டிய எழுத்துக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

இத்தனையும் கேட்டுவிட்டு, “அப்போ நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களே?” என்றான். நியாயமான கேள்வி. ஹாலில் பாதி தமிழ்நாடு. அதற்குத்தான் ‘முத்து’ இருக்கிறது. இங்கே 1995இல் வந்த படம், 1998இல் டோக்கியோவில் மாதக்கணக்கில் ஓடியது. அங்கே இந்தியப் படங்களின் வசூல் சாதனை 2022இல் ‘ஆர்ஆர்ஆர்’ வரும்வரை அதனிடம்தான் இருந்தது. ஐம்பது தாண்டிய ஜப்பான்காரர் ஒருவர் ‘தில்லானா தில்லானா’வுக்குத் தோளைக் குலுக்கினால் ஆச்சரியப்படாதே என்று சொல்லிவைத்தேன்.

கடைசியில் அவன் எடுத்துக்கொண்டது இவை எதுவுமில்லை. தி புளூ ஹார்ட்ஸ் குழு 1987இல் போட்ட ‘லிண்டா லிண்டா’. பல்லவி முழுக்க அந்த ஒரு பெயர்தான். மெதுவாகத் தொடங்கும், பிறகு கூட்டமே எழுந்து குதிக்கும். பையன் கெட்டிக்காரன். இயந்திரத்தில் சுருதி மாற்றுகிற பொத்தான் இருக்கும், இரண்டு படி இறக்கிவைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

“குதிக்கவும் செய்யணுமா சித்தப்பா?”

“பின்னே? மொதல்ல நீ குதி. மேனேஜர் குதிக்கிறதுக்கு யாராவது தொடங்கி வைக்கணும்லா.”